மிரட்டலுக்குள்ளான பெண்ணும் காவலுக்கு வந்த பொலிஸ்காரரும்: மட்டக்களப்பில் நடக்கும் காதல் கதையை நம்பும்படி எழுதுவது எப்படி?

கிரான்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு தொடர்கதைக்கு அடுக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நாயகிக்கு 29 வயது. கிராம உத்தியோகத்தர், கோரளைப்பற்று தெற்கில் வேலை. அவளுடைய பிரிவுக்குள் இரவில் களவாக ஆற்றுமண் ஏற்றுகிறார்கள். டிப்பரை மறித்த மாட்டுப்பட்டிக்காரர் ஒருவரை அந்த டிப்பராலேயே மோதிக் கொன்றுவிடுகிறார்கள். கண்ணால் கண்ட ஒரே சாட்சி அவள்தான். எந்த வாகனம் எந்தத் திகதியில் போனது என்று இலக்கங்களை எழுதிவைத்த கொப்பி ஒன்றும் அவளிடம் இருக்கிறது. சாட்சி சொல்லாதே என்று மிரட்டுகிறார்கள். பாதுகாப்புக்கு ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வருகிறார். ஹட்டன் பக்கத்துத் தமிழர், வயது 33. இருவருக்கும் இடையில் காதல் வரவேண்டும்.

இந்த வகைக் கதைகளில் மூன்றாம் அத்தியாயத்திலேயே அவர் அவளைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார். அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. நடைமுறையில் யார் பாதுகாப்புக் கொடுப்பார்கள், எத்தனை பேர் வருவார்கள், எங்கே நிற்பார்கள், காதல் எந்த இடத்தில் தொடங்கினால் பொருந்தும், அதனால் வழக்குக்கு என்ன கேடு வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வாவிக்கரை

முதலில் அந்த ‘ஒரு சார்ஜன்ட்’ என்பதை மாற்றுங்கள். இரவு பகலாக ஒரே ஆளை ஒரு வீட்டில் நிறுத்த முடியாது. அவரும் நித்திரை கொள்ளவேண்டும். ஒரு சார்ஜன்டும் இரண்டு மூன்று கான்ஸ்டபிள்களும் என்று வையுங்கள். முறை போட்டு மாறி மாறி நிற்பார்கள். நாயகி பெண் என்பதால், இரவில் வீட்டுக்குள்ளே போகவேண்டி வந்தால் பெண் கான்ஸ்டபிள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். ஆண்கள் படலைக்கு வெளியே, மிஞ்சிப் போனால் முன் விறாந்தை வரைக்கும்தான்.

இது காதலுக்கு இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள். அவருடைய முறை எப்போது வரும் என்று அவள் அறியாமலே எதிர்பார்க்கத் தொடங்குவதற்கு இந்த மாற்றம்தான் வழி. மற்றவர் நிற்கிற இரவில் அவளுக்கு நித்திரை வராது. அதை ஒரு வரியில் காட்டிவிட்டால் போதும்.

பொலிஸ் நிலையத்திலிருந்து புறப்படும்போது தகவல் புத்தகத்தில் வெளியேறும் பதிவு போடுவார்கள்: நேரம், எங்கே, என்ன கடமை, என்ன ஆயுதம். துப்பாக்கியின் இலக்கம், ரவை எத்தனை என்று எழுதி ஒப்பமிட்டுத்தான் எடுப்பார்கள். திரும்பி வந்தால் உள்வரும் பதிவு. ரி-56 துப்பாக்கியின் மகசீனில் 30 ரவை பிடிக்கும். கொடுக்கும்போது 29 இருந்தால் அந்த ஒன்றுக்கு விளக்கம் எழுதவேண்டும். நாயகன் வீரம் காட்ட வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டு அடுத்த காட்சியில் தேநீர் குடிக்க முடியாது. அந்த ஒரு வெடிக்கு அவர் விசாரணையில் உட்காருவார், அந்த நேரம் வேறு ஆள் காவலுக்கு வருவார். கதையில் அவரை ஒரு கிழமைக்கு அவளிடமிருந்து பிரிக்க வேண்டுமென்றால் இது நல்ல வழி.

காவல் எங்கே பிழைக்கும் என்றும் சொல்கிறேன். ஆள் மாறுகிற அரை மணித்தியாலம்தான் மோசமானது. நின்றவர் களைத்துப் போயிருப்பார், வருகிறவரின் மோட்டார் சைக்கிள் பிந்தும். அடுத்தது, பெரிய கடமைகள் வருகிற நாள்கள். தேர்தல், அமைச்சர் வருகை, மாமாங்கம் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம். அப்படியான நாள்களில் நிலையங்களிலிருந்து ஆள் இழுப்பார்கள். மூன்று பேர் நின்ற இடத்தில் ஒருவர் நிற்பார். தாக்க நினைப்பவன் உள்ளூர்க்காரன் என்றால் இது அவனுக்குத் தெரியும். உங்கள் பெரிய ஆபத்துக் காட்சியைத் தீர்த்தத்தன்று வையுங்கள்.

---

கறுப்புக்கோட்டு

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று முதலில் தீர்மானியுங்கள். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் முதலில் 2015இல் 4ஆம் இலக்கமாக வந்தது. அதை நீக்கிவிட்டு 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இதற்கென்று ஒரு தேசிய அதிகாரசபை உண்டு, பொலிஸில் ஒரு தனிப் பிரிவும் உண்டு. சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். ஆகவே மிரட்டலுக்கு ஒரு முறைப்பாடு, கொலைக்கு ஒரு வழக்கு என்று இரண்டு கோடுகள் கதையில் ஓடவேண்டும். பலர் இதை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

அவளுடைய வாக்குமூலத்தைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி எழுதுவார்கள். 1979இன் 15ஆம் இலக்கச் சட்டம் அது. எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தித்தான் கையெழுத்து வாங்கவேண்டும். எழுதுகிற உத்தியோகத்தருக்குத் தமிழ் வராது, அவர் சிங்களத்தில் எழுதுகிறார் என்று வையுங்கள். அவள் கையெழுத்து வைக்க மறுக்கிறாள். அப்போது அந்தச் சார்ஜன்ட் மொழிபெயர்க்க வருகிறார். முதல் சந்திப்புக்கு இதைவிட இயல்பான இடம் கிடைக்காது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது: மொழிபெயர்த்தவர் என்ற வகையில் அவரும் வழக்கில் ஒரு சாட்சியாகிவிடுவார். சாட்சியானவர் தன் முறை வரும்வரை மன்றுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். அவள் கூண்டில் ஏறும் நாளில் அவர் அவள் கண்ணுக்குப் படும் இடத்தில் நிற்க முடியாது. நீங்கள் அந்தக் காட்சியில் ‘அவனுடைய பார்வை அவளுக்குத் தெம்பு கொடுத்தது’ என்று எழுதப் போகிறீர்கள் என்றால் இப்போதே அடித்துவிடுங்கள்.

இடமும் சரியாக வேண்டும். கொலைச் சந்தேக நபரைக் கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். உங்கள் களத்துக்கு வாழைச்சேனை நீதவான் நீதிமன்றம். அங்கே விளக்கமறியல், சுருக்கமுறையற்ற விசாரணை (மேல் நீதிமன்றத்துக்குப் போகுமுன் நீதவான் நடத்தும் ஆரம்ப விசாரணை). பிறகு சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தால் மட்டக்களப்பு மேல் நீதிமன்றம். இடையில் பிணைக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போவார்கள். மிரட்டல் கூர்மையாவது அவன் உள்ளே இருக்கும்போது அல்ல, பிணையில் வெளியே வந்த பிறகு. பிணை கிடைத்த செய்தி அவளுக்கு எப்படி வருகிறது என்பதை நன்றாக எழுதுங்கள். பொலிஸ் சொல்லி அல்ல, ஊரில் வெடி கொளுத்துகிற சத்தத்தில்தான் தெரியவரும்.

---

ஆரையம்பதி அக்கா

காதல் பக்கத்தை நான் பேசுகிறேன். கறுப்புக்கோட்டு தம்பி சொன்ன பொறியைவிடப் பெரிய பொறி ஒன்று இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. அவர் படலையில் துப்பாக்கியோடு நிற்கிறார். அவள் எங்கே போகலாம், யார் வரலாம் என்று தீர்மானிப்பது அவர். அப்படிப்பட்ட ஆள் ‘எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு’ என்று சொன்னால், அவள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் நாளைக்குக் காவல் தளரும் என்ற பயம் இருக்காதா? இதைக் கவனிக்காமல் எழுதினால் காதல் என்று நீங்கள் எழுதியது வாசிக்கிற பெண்ணுக்கு நெருக்குவாரமாகத்தான் தெரியும்.

ஆகவே கடமையில் இருக்கும்வரை அவர் வாயால் எதுவும் வரக்கூடாது. தன் மனதை அவர் அறிந்துகொண்ட அன்றே பொறுப்பதிகாரியிடம் போய் இந்தக் கடமையிலிருந்து தன்னை எடுக்கச் சொல்லவேண்டும். காரணத்தையும் சொல்லவேண்டும். அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் அவர் மறைந்துவிட, அவள் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று கோபப்படட்டும். கதையின் நடுப்பகுதிக்கு இந்தக் கோபம் ஒன்றே போதும்.

அவளுக்கு வருவது நன்றியா காதலா என்பதையும் பிரித்துக் காட்டவேண்டும். ஆபத்து இருக்கும்போது மட்டும் அவரை நினைத்தால் அது நன்றி. ஆபத்தில்லாத ஒரு மத்தியானம், கந்தோரில் வாக்காளர் இடாப்புக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது அவர் ஞாபகம் வரட்டும்.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் நெருக்கம் வளரவேண்டும். தேத்தண்ணியை அவள் கையில் கொடுக்கமாட்டாள், மதிலில் வைப்பாள்:

“சேர், தேத்தண்ணி மதிலில வெச்சிருக்கன். ஆறிடும்.”

“எனக்கெண்டு போட வேணாம் மிஸ்.”

“அம்மாதான் போட்டவ. வேணாமெண்டா அவகிட்டச் சொல்லுங்க.”

அவர் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை. அடுத்த நாள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து அதே இடத்தில் வைத்திருப்பார். அதோடு காட்சியை முடித்துவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் எழுதினால் பாழ்.

---

மண்டூர்ப் பாதை

மிரட்டல் எப்படி வரும் என்பதை யாரும் சொல்லவில்லை. இரத்தத்தில் எழுதிய கடிதம், கதவில் குத்திய கத்தி எல்லாம் இங்கே எடுபடாது. மண் வியாபாரம் பின்னால் இருந்தால் வரிசை இப்படி இருக்கும்.

முதலில் சொந்தக்காரர் ஒருவர் வருவார். “மகள், உனக்கேன் இந்த வில்லங்கம்? அவங்களும் நம்மட ஆக்கள்தானே” என்பார். போகும்போது மேசையில் ஒரு கடித உறை இருக்கும். அவள் திருப்பிக் கொடுத்தால், அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்கு அவளுக்கு எதிராக ஒரு பெட்டிசன் போகும்: உதவிப் பணம் கொடுப்பதில் ஓரவஞ்சனை செய்கிறாள் என்று. அதற்கு அவள் விளக்கம் எழுதவேண்டும். பிறகு இடமாற்றப் பேச்சு. அதற்கும் மசியாவிட்டால்தான் இலக்கத்தகடு இல்லாத மோட்டார் சைக்கிள் மாலையில் வீட்டு ஒழுங்கையால் மெல்லமாகப் போய்த் திரும்பி வரும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். தங்கச்சியின் ரியூசன் முடிகிற நேரம் அவர்களுக்குத் தெரியும் என்பதை மட்டும் எப்படியாவது தெரியப்படுத்துவார்கள்.

மண் விவகாரத்தையும் சரியாக எழுதுங்கள். அகழ அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். ஏற்றிக்கொண்டு போகிற வாகனத்துக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கணக்கு கியூப்பில்: ஒரு கியூப் என்றால் 100 கன அடி. ஒரே பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ஓடுவதுதான் வழக்கமான களவு. அவளுடைய கொப்பியில் ஒரே இலக்கம் ஒரே நாளில் ஐந்து முறை இருந்தால், அந்தக் கொப்பிக்காக ஏன் கொல்லத் துணிவார்கள் என்பது வாசகருக்கு விளங்கிவிடும். இப்போதுள்ள கதையில் கொப்பி சும்மா இருக்கிறது.

---

கிரான்கரை

கொப்பி பற்றிச் சொன்னதற்கு நன்றி அண்ணே, அது சும்மாதான் கிடந்தது. இரண்டு கேள்வி. மாரியில் கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் போகும், புலிபாய்ந்தகல் பக்கத்துச் சனம் படகில்தான் கடக்கும். அங்கே ஒரு ஆபத்துக் காட்சி வைக்கலாமா? மற்றது, மிரட்டுகிறவன் மண்காரன் இல்லாமல் அவளுடைய பழைய புருஷன் என்று வைத்தால் இலகுவாக இருக்குமா?

---

கறுப்புக்கோட்டு

இரண்டாவதை விடுங்கள். புருஷன் என்றால் 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கொடுப்பார், 14 நாளுக்குள் விசாரணை, பிறகு அதிகபட்சம் 12 மாதத்துக்குக் கட்டளை. அது கிட்ட வராதே என்று அவனுக்கு இடும் கட்டளை. படலையில் ஆயுதத்தோடு காவல் நிறுத்துவதில்லை. உங்கள் சார்ஜன்டுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை.

---

வாவிக்கரை

படகுக் காட்சியைத் தாராளமாக வையுங்கள், ஆனால் துப்பாக்கிச் சண்டையாக வைக்காதீர்கள். மாரி வெள்ளம் என்றால் மார்கழி, தை. ஓட்டம் வேகமாக இருக்கும், தண்ணீர் கலங்கலாக இருக்கும், அடியில் வீதி எங்கே முடிகிறது என்று தெரியாது. ஆற்றுவாழை அள்ளுண்டு வந்து எஞ்சின் விசிறியில் சுற்றும். எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பும், ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பின படகுதான் கவிழும். உடனே முனையை ஓட்டத்துக்கு நேரே பிடிக்கவேண்டும். பயந்து எல்லாரும் ஒரு பக்கம் எழும்பினால் முடிந்தது.

உங்கள் சார்ஜன்ட் ஹட்டன்காரர். நீச்சல் தெரியாது என்று வையுங்கள். தோளில் துப்பாக்கி, காலில் சப்பாத்து. விழுந்தால் இரண்டும் அவரைக் கீழே இழுக்கும். படகு ஏறும்போதே சப்பாத்து நாடாவைத் தளர்த்தி, துப்பாக்கி வாரைக் கழுத்தைச் சுற்றிப் போடாமல் ஒற்றைத் தோளில் விடவேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? அவள்தான். சவளை எடுத்து முனையைத் திருப்புகிறதும் அவள்தான். அன்றைக்குக் காவல் யாருக்கு யார் என்பது மாறிப்போகட்டும். எஞ்சினில் சுற்றியது ஆற்றுவாழையா, யாராவது கட்டிவிட்ட நைலோன் வலையா என்பதைக் கரைக்கு வந்த பிறகு அவர் கண்டுபிடிக்கட்டும்.

---

ஆரையம்பதி அக்கா

இந்தக் காட்சிக்குப் பிறகுதான் அவர் பொறுப்பதிகாரியிடம் போகவேண்டும். நீச்சல் தெரியாதவர் அந்த நேரத்தில் தன் உயிரை நினைக்கவில்லை, கடமையையும் நினைக்கவில்லை. அது அவருக்கே தெரிந்துவிட்டது. மனது அப்படிப் போனவரால் சரியாகக் காவல் காக்க முடியாது.

இன்னொன்று, ஊர்ப்பேச்சு. அதை இரண்டாவது மிரட்டலாகவே எழுதுங்கள். நமது பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்து ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே ஒரு ஆண் அந்த வளவில் இரவில் நிற்கிறார் என்றால், அவர் காக்கிச்சட்டை போட்டிருந்தாலும் சனம் அதை வேறு கணக்கில்தான் பார்க்கும். அம்மா வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் ஒரு நாள் சொல்லவேண்டி வரும்: “ஊரெல்லாம் என்ன கதைக்காங்க தெரியுமா மகள்? வழக்கு முடிஞ்சி அவங்க போயிருவாங்க. மறுகா நாமதான் இஞ்ச இருக்கணும்.” இந்த அம்மாவை வில்லியாக்க வேண்டாம். அவ சொல்வது சரிதான்.

குடி, அதாவது தாய்வழியாக வருகிற குலம் எது என்று கேட்பதும் வரும். மலையகத்துப் பிள்ளைக்கு நம்மட குடி இல்லை. ஒரே குடிக்குள் கட்டக்கூடாது என்ற தடை அவருக்குப் பொருந்தாது, ஆனால் வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயிலில் எந்தக் குடியோடு நிற்பார் என்று மாமன்மார் கேட்பார்கள். இதை ஒரு பந்தியில் தொட்டுவிட்டுப் போங்கள், போதும்.

---

மண்டூர்ப் பாதை

அக்கா, வாசிக்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டுமே. கடமை முடியும்வரை ஒரு வார்த்தை கூடக் கூடாது என்றால் முப்பது அத்தியாயத்துக்கு என்ன செய்வது? காதல் கதையைத் தேடி வருகிறவர்கள் வழக்குப் புத்தகம் வாசிக்க வரவில்லை.

---

ஆரையம்பதி அக்கா

வார்த்தை கூடாது என்றுதான் சொன்னேன் தம்பி. அவர் நித்திரை முழித்த கண்ணோடு காலையில் பொறுப்பு மாற்றும்போது அவள் தலைவாசலில் நிற்கலாம். அவர் இரவில் வளவைச் சுற்றி வரும் சத்தத்தை வைத்தே யார் என்று அவள் கண்டுபிடிக்கலாம். முப்பது அத்தியாயத்துக்கு இது தாராளமாகக் காணும்.

---

கறுப்புக்கோட்டு

பொறுமை தானாகவே வரும், ஏனென்றால் வழக்கு ஒரு மாதத்தில் முடியாது. கொலை நடந்து மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வரப் பல வருடம் பிடிக்கும். அத்தனை வருடமும் படலையில் ஆள் நிற்கமாட்டார்கள். ஆபத்து குறைந்தது என்று கண்டால் காவலை எடுப்பார்கள், புது மிரட்டல் வந்தால் திரும்பப் போடுவார்கள். கதையை மூன்று பகுதியாகப் பிரிக்கலாம்: கைது நேரம் ஒரு காவல், பிணைக்குப் பிறகு ஒரு காவல், மேல் நீதிமன்றச் சாட்சியத்துக்கு முன் ஒரு காவல். முதல் இரண்டிலும் அவர். மூன்றாவதில் வேறொருவர். சாட்சி சொல்கிற நாளில் அவர் காவலாக இல்லாதது வழக்குக்கும் நல்லது.

ஏன் நல்லது என்றால், குறுக்கு விசாரணை. எதிரியின் சட்டத்தரணி கெட்டிக்காரர் என்று வையுங்கள். அவள் கண்டதைப் பற்றி அவர் அதிகம் கேட்கமாட்டார். “இந்த உத்தியோகத்தர் உங்கள் வீட்டில் எத்தனை இரவு கடமையில் இருந்தார்? வழக்கைப் பற்றி உங்களோடு கதைத்தாரா? உங்கள் வாக்குமூலத்தை மொழிபெயர்த்ததும் அவர்தானே?” இந்த மூன்று கேள்வி போதும், சாட்சியம் சொல்லிக்கொடுத்தது என்ற சந்தேகத்தை எழுப்ப. பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தை அவளுடைய சாட்சியத்துக்கு முரண் காட்டத்தான் பயன்படுத்தலாம், ஆதரவாகப் பயன்படுத்த முடியாது. ஆகவே அவள் மன்றில் சொல்வதுதான் எல்லாம். அவள் மறைக்காமல் பதில் சொல்லவேண்டும்: இத்தனை இரவு இருந்தார், வழக்கைப் பற்றிக் கதைக்கவில்லை, இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார். அவர் ஏன் போனார் என்பது அந்தக் கூண்டில் நிற்கும்போதுதான் அவளுக்கு விளங்கவேண்டும். அவர் இருந்திருந்தால் இந்தப் பதிலை அவளால் சொல்லியிருக்க முடியாது.

---

கிரான்கரை

இந்த இடம் கதையில் இல்லவே இல்லை, இப்போது இதுதான் உச்சக்கட்டம். கடைசிக் கேள்வி: தீர்ப்பு வருகிற அன்றைக்கு அவர் மட்டக்களப்பு நீதிமன்ற வாசலில் வந்து நிற்கலாமா?

---

ஆரையம்பதி அக்கா

வேண்டாம். அன்றைக்கு அந்த வாசல் செத்துப்போன பட்டிக்காரரின் பெண்சாதி பிள்ளைகளுக்கு உரியது. அவர்களை விட்டுவிட்டு இவர்கள் இரண்டு பேரையும் காட்டினால் வாசகர் மன்னிக்கமாட்டார். பிறகு ஒரு நாள் அவளே அவருக்குக் கோல் எடுக்கட்டும். முதல் அடி அவளுடையதாக இருக்கவேண்டும். அவர் பகலில், சிவிலில், வாழைச்சேனை பஸ்ஸில் வந்து இறங்கி, அம்மா வீட்டில் இருக்கும் நேரமாக வரட்டும்.

---

கறுப்புக்கோட்டு

திகதியையும் கவனியுங்கள். குற்றவாளியாகக் காணப்பட்டவர் மேன்முறையீடு செய்ய 14 நாள் இருக்கிறது, செய்யத்தான் செய்வார். மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் மன்றில் பதிவான சாட்சியத்தைத்தான் பார்க்கும், ஆகவே தீர்ப்புக்குப் பிறகு வந்த உறவு அதை மாற்றாது. ஆனால் மீள விசாரணைக்குக் கட்டளையிட்டால் அவள் மறுபடியும் கூண்டில் ஏறவேண்டும், அப்போது சார்ஜன்ட் அவளுடைய புருஷனாகவும் இருக்கலாம். அதனால் கலியாணப் பேச்சுக்கு முன்பே அவள் அரச சட்டத்தரணியிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடட்டும். அவர் கேட்பது இரண்டே விடயம்தான்: எப்போது தொடங்கியது, அதற்கு முன் சார்ஜன்ட் கடமையிலிருந்து விலகிய கடிதத்தின் பிரதி இருக்கிறதா. அந்தக் கடிதத்தின் திகதியைப் படகுக் காட்சிக்கு அடுத்த நாளாகப் போடுங்கள்.